இறக்கத்தில் உறுமிய வண்டி

அமெரிக்காவில் டென்வர் நகரத்திலிருந்து மேற்கே போகும் 70ஆம் எண் நெடுஞ்சாலை ராக்கி மலையில் ஏறி ஏறி, பதினோராயிரம் அடிக்கும் மேலே ஐசன்ஹோவர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. சில வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை தன் பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு எங்களை அந்த வழியாக அழைத்துப் போனார். டிரெய்லர் என்றால் நம் ஊர் டிராக்டரின் பின்னால் வருவது போல அல்ல. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய, சக்கரம் வைத்த ஒரு சின்ன வீடு.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் இறக்கம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை பிரேக்கை ஒரு தரம் லேசாகத் தொட்டார். அவ்வளவுதான், எஞ்சின் பெரிதாக உறுமத் தொடங்கிவிட்டது. ஏற்றத்தில் உறுமினால் நியாயம். இறக்கத்தில், ஆக்சிலரேட்டரில் காலே வைக்காதபோது ஏன் உறும வேண்டும்?

பின் இருக்கையில் இருந்த என் மனைவி பயந்துவிட்டாள். "என்ன மாப்பிள்ளை, ஏதாவது உடைஞ்சு போச்சா?"

"ஒண்ணும் இல்லீங்க அத்தை. டோ மோட் போட்டிருக்கேன். கியரை அதுவே குறைச்சுக்குது. அந்தச் சத்தம்தான்."

கியர் கம்பியின் நுனியில் ஒரு சின்னப் பொத்தான். இழுவைக்கான பொத்தான் என்று சொல்லலாம். அதை அழுத்தினால் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி தன் புத்தியை மாற்றிக்கொள்கிறது. நான் அதுவரை இது மலையேற உதவும் பொத்தான் என்று நினைத்திருந்தேன். இறங்கத்தான் இது அதிகம் தேவை என்று அன்றுதான் தெரிந்தது. ஊர் திரும்பிய பிறகு இதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன்.

முதலில் ஒரு கணக்கு. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து ஆறு டன் என்று வைத்துக்கொள்வோம். சுரங்கத்திலிருந்து கீழே சில்வர்த்தோர்ன் என்ற ஊர் வரை சுமார் 8 மைல் தூரம், இறங்கும் உயரம் 600 மீட்டருக்கு மேல். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி, 100 லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். காற்றின் எதிர்ப்பு ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் பூராவையும் பிரேக் மேல் ஏற்றினால், கல்யாண வீட்டு அண்டாவைக் கொதிக்க வைக்கும் சூடு சில இரும்புத் தட்டுகளில் போய் உட்கார வேண்டும். பழைய டிரம் பிரேக் என்றால் சூட்டில் டிரம் விரிந்து, உள்ளேயிருக்கும் கட்டையை விட்டு விலகிப் போகும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

எஞ்சின் கண்டுபிடிப்பதற்கு முன்பே இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. 1846இல் ஆரிகன் மாநிலத்தில் பார்லோ ரோடு என்று ஒரு பாதை திறந்தார்கள். குடியேற வந்த குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் அந்த வழியாக ஹூட் மலையைச் சுற்றிக் கடந்தன. அதில் லாரல் ஹில் என்ற இறக்கம் மிகச் செங்குத்தானது. மரத்தில் கயிற்றைச் சுற்றி வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கியிருக்கிறார்கள். சிலர் ஒரு மரத்தையே வெட்டி வண்டியின் பின்னால் கட்டி இழுக்கவிட்டார்கள். மரம் தரையில் தேய்ந்துகொண்டு வர, வண்டி மெதுவாக இறங்கும்.

பிரான்சில் சக்கரத்தின் அடியில் ஓர் இரும்புச் செருப்பை வைப்பார்கள். அதற்கு 'சபோ' என்று பெயர், மரச் செருப்புக்கும் அதே சொல்தான். சக்கரத்தின் ஆரக்கால்களைத் தடுத்து நிறுத்துவதை 'ஆன்ரெய்யே' என்பார்கள். 'ரே' என்றால் ஆரக்கால். இன்று பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொல்லைக் கொள்ளைநோயைத் தடுப்பது, விலைவாசியைக் கட்டுப்படுத்துவது என்றெல்லாம் பயன்படுத்துகிறார்கள். நான் பள்ளியில் இந்த வினைச்சொல்லை எல்லாக் காலங்களிலும் மனப்பாடம் செய்தவன். அதற்குள் ஒரு வண்டிச் சக்கரம் ஒளிந்திருப்பது எழுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது!

மோட்டார் வண்டி வந்த கதையிலும் ஏற்றமும் இறக்கமும் ஆரம்பத்திலேயே வந்துவிட்டன. 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு அந்த மூன்று சக்கர வண்டியை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டர் போல இருக்கும். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்து போக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். திரும்பி வந்து கணவரிடம், ஏறுவதற்கு இன்னொரு கியர் வேண்டும் என்று சொன்னார். பென்ஸ் கேட்டுக்கொண்டார். அம்மணி ஒரே பயணத்தில் இரண்டு குறையையும் கண்டுபிடித்துவிட்டார்.

சின்ன கியர் ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும் உதவும் என்பதை ஓட்டுநர்கள் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று உள்ளே போகும் வழி ஏறக்குறைய அடைபடும். அப்போது எஞ்சினைச் சுற்ற வைப்பதே சக்கரத்துக்குப் பெரிய வேலை. சின்ன கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டியிருப்பதால் அந்தத் தடை இன்னும் கூடும். இதைத்தான் பிரெஞ்சில் 'ஃப்ரேன் மொத்தேர்' என்பார்கள், எஞ்சினே பிரேக் என்று அர்த்தம். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். நம் மலைப்பாதைகளில் இரண்டாவது கியரில் இறங்கவும் என்று போர்டு வைப்பதும் இதற்காகத்தான்.

ஆனால் அந்தக் காலத்து கியர்பெட்டியில் இறக்கத்தின் நடுவில் கியரைக் குறைப்பது லேசான காரியமல்ல. கிளட்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் எஞ்சின் வேகத்தைக் கூட்டி, பல்லோடு பல் பொருந்தும் நொடியைக் காதால் பிடிக்க வேண்டும். 1928இல் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வந்த பிறகு கார்களில் இந்த வித்தை தேவைப்படாமல் போயிற்று, லாரிகளில் ரொம்ப நாள் இருந்தது. நொடி தவறினால் கியர் விழாது, வண்டி நியூட்ரலில் நின்றுவிடும். அதன் பிறகு பிரேக்கும் கடவுளும்தான்.

கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவருக்கு இது நேர்ந்தது. கம்மின்ஸ் டீசல் எஞ்சின் என்று நாம் லாரியிலும் ஜெனரேட்டரிலும் பார்க்கும் பெயர் அவருடையதுதான். 1931இல் தன் எஞ்சினின் பெருமையைக் காட்ட, இரண்டு துணைவர்களோடு நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை ஒரு லாரியை ஓட்டிப் போனார். கலிபோர்னியாவில் கஹோன் கணவாயின் நீண்ட இறக்கத்தில் பிரேக் போய்விட்டது. அடிவாரத்தில் ரயில்வே கேட், அதைக் கடந்துகொண்டிருந்தது ஒரு சரக்கு ரயில். கடைசிப் பெட்டி தாண்டிய அதே சமயத்தில் லாரி தண்டவாளத்தைக் கடந்தது. மயிரிழையில் மூவரும் தப்பினார்கள்.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்றை அடைக்கும் கதவு இல்லை. அதனால் காலை எடுத்தாலும் அது பெரிதாகப் பிடித்து நிறுத்தாது. தன் எஞ்சினின் இந்தக் குறையைக் கம்மின்ஸ் மறக்கவில்லை. கம்பெனியை விட்டு ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து விடை கண்டார். பிஸ்டன் காற்றை நெருக்கி முடிக்கும் நேரத்தில் புகை வால்வைத் திறந்துவிட்டால், நெருங்கிய காற்று வெளியே ஓடிவிடும், பிஸ்டனைத் திருப்பித் தள்ளாது. நெருக்கச் செலவான சக்தி வண்டிக்குத் திரும்ப வராது, எஞ்சினே பிரேக் ஆகிவிடும். 1961இல் ஜேக்கப்ஸ் கம்பெனி அதைச் செய்து விற்க ஆரம்பித்தது. முப்பது வருடம் மனதில் வைத்திருந்து, ஓய்வு பெற்ற பின் முடித்த வேலை. ஓய்வு பெற்ற நம்மைப் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று தோன்றியது.

இதற்கிடையில் கார்களில் கதை வேறு திசையில் போனது. 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கி கியர்பெட்டியை அறிவித்தது, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது வந்தது. கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் போட வேண்டாம். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் வேகமும் ஆக்சிலரேட்டரும்தான். காலை எடுத்தால், பாரம் குறைந்துவிட்டது என்று நினைத்துப் பெரிய கியருக்குப் போய்விடும். மலை இறக்கத்தில் ஓட்டுநர் காலை எடுப்பது வண்டி ஓடுகிறதே என்ற பயத்தால். பெட்டிக்கு அது தெரியாது. எந்த நேரத்தில் சின்ன கியர் வேண்டுமோ, அந்த நேரத்தில் அது பெரிய கியரைக் கொடுக்கும். ஓட்டுநர் தானே கம்பியை இழுத்துச் சின்ன கியரில் வைத்தால் உண்டு.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோலை மிச்சப்படுத்த எல்லாப் பெட்டியிலும் ஓவர்டிரைவ் என்ற இன்னும் பெரிய கியரைச் சேர்த்தார்கள். சமவெளியில் அது வரம். டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது, பெட்டி மேலே போவதும் இழுக்க முடியாமல் கீழே வருவதுமாகத் தவிக்கும். ஒவ்வொரு தவிப்பிலும் உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகும், சூடான எண்ணெயில் பெட்டி கருகும். ஓவர்டிரைவை நிறுத்த ஒரு பொத்தான் வைத்தார்கள். அது பாதித் தீர்வு.

மீதிப் பாதி, பெட்டிக்குள் கம்ப்யூட்டர் வந்த பிறகு 1990களின் இறுதியில் அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் வர ஆரம்பித்தது. அதுதான் மாப்பிள்ளை அழுத்திய பொத்தான். ஏறும்போது சின்ன கியரை விடாமல் பிடித்துக்கொள்ளும், தவிக்காது. இறங்கும்போது பிரேக்கைத் தொட்டால், ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க விரும்புகிறார் என்று புரிந்துகொண்டு ஒரு கியர் இறங்கும். இன்னும் வேகம் கூடினால் இன்னொன்று. பழைய ஓட்டுநர் காதால் செய்ததை அது கணக்குப் போட்டுச் செய்கிறது. வண்டி தாங்கும் பாரத்தை அது கூட்டாது, டிரெய்லருக்கு வேண்டிய சொந்த பிரேக்குக்கும் அது ஈடு இல்லை. மழையிலும் பனியிலும் திடீரென்று கியர் இறங்கினால் சக்கரம் வழுக்கலாம் என்பதையும் மாப்பிள்ளை சொன்னார்.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. குமாஸ்தா வேலையில் இருந்த காலத்தில் சில விபத்துக் கோப்புகள் என் மேசை வழியாகப் போனதுண்டு. 'பிரேக் பிடிக்காததால் வாகனம் கட்டுப்பாட்டை இழந்து' என்ற வரியை நானே பல தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். அதில் ஒன்று, மலை இறக்கத்தில் கவிழ்ந்த லாரி. ஓட்டுநர் போய்விட்டார். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொல்வார்கள் என்று அவர் மனைவி மனுவில் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரிக்கு நான் குறிப்பு எதுவும் எழுதவில்லை. பிரேக் பழுது என்பதோடு கோப்பு முடிந்தது. அந்த ஒரு வரிதான் காரணம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள முயலவும் இல்லை.

அன்று இறக்கத்தின் ஓரத்தில், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காக மேல்நோக்கிப் போகும் சரளைக்கல் பாதை ஒன்றைப் பார்த்தேன். கல்லில் ஆழமான இரண்டு சக்கரத் தடங்கள் பாதி தூரம் போய் நின்றிருந்தன. சில்வர்த்தோர்ன் வந்ததும் பெட்ரோல் போட நிறுத்தினோம். நான் இறங்கி, பிக்கப்பின் முன் சக்கரத்தருகே உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொரு குடும்பம் டிரெய்லரோடு வந்து நின்றது. அவர்கள் சக்கரத்திலிருந்து கருகிய வாசனை எங்கள் வரைக்கும் வந்தது. ஓட்டி வந்தவர் இடுப்பில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை அவரிடம் போய் ஏதோ பேச ஆரம்பித்தார்.