கீழ்ப்பாக்கம் எத்தனை வளைவு தள்ளி?

போன வாரம் சாமை அறுப்பு முடிந்து களத்து மேட்டில் உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து ஒரு குடும்பம், காரை நிறுத்தி நிலாவூருக்கு வழி கேட்டார்கள். சொன்னேன். அந்தத் தம்பி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "கொடுத்து வெச்சவங்க சார் நீங்க. இங்கெல்லாம் டென்ஷன், டிப்ரஷன் எதுவுமே இருக்காதுல்ல?" என்றார். சிரித்து அனுப்பி வைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. வழக்கமாக எழுதும் பலா, தேனீ, மழைக் கணக்கெல்லாம் அடுத்த வாரம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலா மரம் இருக்கிறது. அதில்தான் என் சித்தப்பாவைக் கட்டி வைத்திருந்தார்கள். 1978 என்று நினைவு, எனக்கு ஒன்பது வயது. திடீரென்று ராத்திரியில் எழுந்து காட்டுக்குள் ஓடுவார். யாரோ காதுக்குள் பேசுகிறார்கள் என்பார். பம்பைக்காரரை வரவழைத்து இரண்டு அமாவாசை அடித்துப் பார்த்தார்கள். வேப்பிலை அடி, மிளகாய்ப் புகை எல்லாம் ஆனது. கடைசியில் கயிறு. கட்டும்போது "டேய், இந்தப் பக்கம் பிடி" என்று அப்பா சொல்ல, ஒரு முனையை நானும் பிடித்தேன். அப்பா கொடுமைக்காரர் இல்லை. தினமும் அவர் கையால்தான் சித்தப்பாவுக்குக் களி ஊட்டினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சித்தப்பா அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார்.

அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே மனநல ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கம். அதுவும் திட்டு வார்த்தையாகத்தான் தெரியும். யாராவது ஏறுக்கு மாறாகப் பேசினால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்போம். அதன் கதை ரொம்பப் பழசு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1794-ல், வாலண்டைன் கொனாலி என்ற வெள்ளைக்கார மருத்துவர் சென்னையில் ஒரு பைத்தியக்கார விடுதியை நடத்த ஆரம்பித்தார். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. 1912-ல் வந்த சட்டத்துக்குப் பெயரே பைத்தியச் சட்டம்தான். நோயாளியைச் சேர்க்க பெரும்பாலும் போலீஸும் மாஜிஸ்திரேட்டும் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக கோர்ட் உத்தரவு என்றால் கிராமத்தான் எப்படிப் போவான்? 1987-ல் வேறு சட்டம் எழுதி, அது 1993-ல் நடைமுறைக்கு வரும் வரை இதே நிலைதான்.

அந்த மதிலுக்குள் ஒரு பெண் போய் உட்கார்ந்தார். டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுபவர். 1961-ல் அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார். ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் ஸ்கார்ப் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நம்ம பக்கத்துக் கதைதான் எனக்கு முக்கியம். 1950-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி, ஊருக்கு வெளியே பாகாயத்தில் மனநல மையம் ஒன்றைத் தொடங்கியது. அங்கே ஒரு புது வழக்கம். நோயாளியை விட்டுவிட்டுப் போக முடியாது, வீட்டு ஆள் கூடவே தங்க வேண்டும். அதே காலத்தில் வடக்கே அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற மருத்துவர், ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரம் அடித்து உறவினர்களைத் தங்க வைத்தார். வெளிநாட்டில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றால் குடும்பத்தைப் பிரித்து வைக்கும் இடம். இங்கே பணமும் நர்ஸும் குறைச்சல், ஆனால் அம்மாவும் அண்ணனும் உண்டு. இருப்பதை வைத்து ஆரம்பித்தார்கள். விவசாயிக்கு இது புரியும். டிராக்டர் இல்லையென்றால் மாட்டை வைத்து உழுவதில்லையா?

இதெல்லாம் படித்துத் தெரிந்ததில்லை, பட்டுத் தெரிந்தது. 1999-ல் என் தம்பிக்கும் அதே நோய் வந்தது. 24 வயது. முதலில் சோளிங்கர் கூட்டிப் போனோம். அங்கே தக்கான் குளத்தில் குளித்து ஆஞ்சநேயர் மலையில் கிடந்தால் சித்தம் தெளியும் என்பது நம்பிக்கை. 48 நாள் அம்மா அவனோடு கிடந்தாள். நான் கோயிலைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவனை அடிக்கவில்லை, விரட்டவில்லை. சோறு கிடைத்தது. திண்டுக்கல் பக்கம் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கவனித்து, பலருக்கு ஓரளவு குணம் தெரிந்ததாக 2002-ல் எழுதியிருக்கிறார்கள். அடியும் சங்கிலியும் இல்லாத அமைதியான இடமே பாதி மருந்து போல. ஆனால் தம்பிக்கு ஊர் திரும்பி மூன்று மாதத்தில் மறுபடி ஆரம்பித்தது. ஒரு சொந்தக்காரர், "ஏர்வாடிக்கு இட்டுனு போய் விட்டுட்டு வந்துடு, அவங்க பாத்துப்பாங்க" என்றார். பணம் புரட்டிக்கொண்டிருந்தோம்.

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் கூரை வேய்ந்த ஒரு மனநலக் காப்பகத்தில் விடிகாலையில் தீ. சங்கிலியில் கட்டியிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப் போனார்கள். பக்கத்து வீட்டு டிவியில் அந்தச் சங்கிலிகளைக் காட்டினார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து, புரட்டிய பணத்தை என் கையில் கொடுத்து, "வேலூருக்குப் போலாம்" என்றாள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. சங்கிலி போடுவதே குற்றம் என்று தெளிவாக எழுதிய சட்டம் வர இன்னும் 16 வருஷம் ஆனது. 2017-ல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

பாகாயத்தில் "கூட யாரு தங்குவீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அம்மா தங்கினாள். மாத்திரையை எப்படிக் கொடுப்பது, தூக்கம் கெட்டால் அது நோய் திரும்புவதற்கு அறிகுறி என்பதெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தம்பி தெளிந்தான். கஷ்டம் அதற்குப் பிறகுதான். மலையிலிருந்து வேலூர் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். பதினாலு வளைவு இறங்கி, பஸ் மாறி, டோக்கன் வாங்கி, திரும்பி ஏறினால் ராத்திரி. (அந்த வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரியும் ஓரியும் தேர் கொடுத்தார்கள், நாடு கொடுத்தார்கள். எங்களுக்கு ஒரு பஸ் கொடுத்திருந்தால் போதும்.) நடவு நாளில் வந்தால் ஒரு மாதம் விடுவோம். அந்த ஒரு மாதத்தில் நோய் திரும்பும். இரண்டு முறை அப்படி ஆனது. மருந்து தோற்றது என்று ஊர் சொன்னது. தோற்றது தூரத்திடம். கீழே ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கும் இதே கதைதான். கிளினிக் நாள் வேலை நாளில் வரும், லீவு போட்டால் சம்பளம் போகும்.

வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி ஒன்றியம் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஜனம். அங்கே சி.எம்.சி சமூக நலத் துறை வருஷக் கணக்காக ஒரு வேலை செய்தது. ஊருக்கு ஒரு சுகாதாரப் பணிப்பெண், அதே ஊர்க்காரி. பிறப்பு, இறப்பு எல்லாம் அவள் எழுதுவாள். நர்ஸும் டாக்டரும் வந்து சரிபார்ப்பார்கள். 1994 முதல் 1999 வரை அப்படி எழுதியதைக் கூட்டிப் பார்த்தால், வருஷத்துக்கு லட்சம் பேருக்குச் சுமார் 95 தற்கொலை. அந்தக் காலத்து அரசுக் கணக்கு நாடு முழுக்க லட்சத்துக்கு 11 பக்கம்தான். 10 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளின் கணக்கு இன்னும் மோசம். 1992 முதல் 2001 வரை பார்த்ததில் லட்சத்துக்கு 148. அந்த வயதில் செத்த பெண் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தற்கொலை. நர்ஸிங் படிக்கும் என் மகள் இங்கிலீஷில் இருந்ததைப் படித்துச் சொன்னபோது, "மறுபடி படி" என்றேன்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? கிராமத்தில் இருந்தால் தெரியும். "வயிற்று வலி தாங்காமல்" என்று எழுதி முடிப்போம். தற்கொலைக்கு முயன்றால் கேஸ் என்ற பயம், பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம். எங்கள் ஊரிலேயே எத்தனை வயிற்று வலி! 2017 சட்டம் அந்தக் கேஸ் பயத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை. அதே ஊர்க்காரி கேட்டதால்தான் கணியம்பாடியில் உண்மை வந்தது. பேன்ட் சட்டை போட்டவர் கேட்டிருந்தால் வயிற்று வலிதான் வந்திருக்கும்.

நானும் மருந்து அடிப்பவன், அதனால் இதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் பூச்சி மருந்து டப்பா அடுப்படிப் பரணில் இருக்கும். கோபம் அரை மணி நேரத்தில் ஆறும், டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிடும். இலங்கையில் 1995 வாக்கில் கடும் விஷ மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், அடுத்த பத்து வருஷத்தில் தற்கொலை விகிதம் பாதியானது. விளைச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நம் காட்டுமன்னார்கோயில் பக்கம் 2010 வாக்கில் டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் சிநேகா அமைப்பு இரண்டு கிராமங்களில் பொதுக் கட்டடம் வைத்து, பூட்டுப் பெட்டிகளில் மருந்தை வைக்கச் சொன்னது. விவசாயிகள் ஒத்துக்கொண்டார்கள். இதைக் கேட்ட அன்றே நான் ஒரு தகரப் பெட்டி வாங்கினேன். மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. சாவி என் மனைவியிடம்.

ஸ்கார்ப் என்றேனே. 2010-ல் புதுக்கோட்டையில் அவர்கள் ஒரு பஸ்ஸை விட்டார்கள். உள்ளே டிவி, கேமரா, மருந்துக் கடை. நோயாளி பஸ்ஸில் உட்கார்ந்து சென்னையில் இருக்கும் டாக்டரிடம் முகம் பார்த்துப் பேசுவார், இறங்கும்போது மாத்திரையோடு இறங்குவார். வளைவு ஏறி எங்களிடம் வரும் பஸ் இப்படித்தான் இருக்க வேண்டும். அரசும் சும்மா இல்லை. தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது, கர்நாடகாவின் பெல்லாரியில் சோதித்தார்கள், 1996-ல் மாவட்டத் திட்டத்தை நாட்டில் முதலில் நாலு மாவட்டத்தில் தொடங்கியபோது அதில் நம் திருச்சியும் ஒன்று. இப்போது எல்லா மாவட்டத்திலும் உண்டு. 2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆனதும் எங்களுக்கு வேலூர் அலைச்சல் குறைந்தது. 2021-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஆசைதான். தம்பிக்கு வேண்டிய அட்டையும் அதில் இருந்தால் அம்மா இருந்திருந்தால் பூஜையே செய்திருப்பாள்.

படிப்பவர்களில் யாருக்காவது மனசு கனமாக இருந்தால் 14416 கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. 104-ம் இருக்கிறது.

தம்பிக்கு இப்போது ஐம்பது ஆகப் போகிறது. கல்யாணம் ஆகவில்லை. ஆடு மேய்க்கிறான், கொய்யா தோட்டம் அவன் பொறுப்பு. அந்தப் பலா மரத்தில் இந்த வருஷம் முதல் காய் அவன்தான் ஏறி இறக்கினான். கயிறு கட்டிய தழும்பு பட்டையில் இன்னும் கொஞ்சம் தெரியும், அவனுக்கு அந்தக் கதை தெரியாது. வெள்ளிக்கிழமை அவனுக்கு மாச ஊசி. முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கேழ்வரகுக்குக் களை எடுக்க ஆள் சொல்லியிருந்தேன், சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டேன்.