அடிக்கழியை அடக்கிய கதை

பாய்மரத்தின் அடியில் கீல்போல் பொருத்தப்பட்டு, பாயின் கீழோரத்தை விரித்துப் பிடித்தபடி படகின் பின்புறம் நோக்கி நீளும் கனத்த கழி ஒன்று உண்டு. காற்று பின்னாலிருந்து வீசிக்கொண்டிருக்கையில், சுக்கான் பிடித்தவன் சற்றே கண்ணயர்ந்து, காற்று பாயின் மறுபுறம் புகுந்துவிடுமானால், இந்த அடிக்கழி படகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அசுர வேகத்தில் வீசியடிக்கும். தப்பினால் பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளோடு போகும், தப்பாவிட்டால் குறுக்கே நின்றவனின் மண்டையோடு போகும். புயலைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் கடற்பிரயாணிகள் இந்தக் கழியைப்பற்றி இரண்டொரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆயினும் சிறு பாய்ப்படகில் ஒருவரோ இருவரோ உலகத்தைச் சுற்றிவருவது சாத்தியமானது, பெரும்பாலும், இந்தக் கழியை அடக்க வழி கண்டுபிடித்ததனாலேதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆட்களுக்குப் பஞ்சமில்லாத இடத்தில் இத்தகைய யோசனைகள் தோன்றுவதில்லை. 1903ஆம் வருஷம் அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்துக்காக ஹெர்ரஷாஃப் நிர்மாணித்த 'ரிலையன்ஸ்' என்ற படகு ஏறக்குறைய 16,000 சதுர அடிப் பாயைச் சுமந்தது. அதை ஆள அறுபதுக்கு மேற்பட்ட மாலுமிகள் இருந்தார்கள். 1930இல் ஸ்டார்லிங் பர்ஜெஸ் வரைந்த 'என்டர்பிரைஸ்' படகின் அடிக்கழியோ, மேற்புறம் இரண்டு பேர் தோளோடு தோள் சேர்த்து நடக்கக்கூடிய அகலமுடையதாயிருந்ததால், நியூயார்க்கின் பார்க் அவென்யூ வீதியின் பெயராலேயே அழைக்கப்பட்டது. செல்வர்களின் விளையாட்டுக்கு அது தகும். தன்னந்தனியாகச் சமுத்திரத்தைக் கடக்க நினைத்தவனுக்கு அது எவ்விதத்திலும் உதவாது.

அப்படி நினைத்தவர் ஜோஷுவா ஸ்லோகம். பெரிய பாய்க்கப்பல்களுக்குக் கப்பித்தானாயிருந்து, நீராவிக் கப்பல்களின் வரவால் தொழிலிழந்து நின்ற அவருக்கு, மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஃபேர்ஹேவனில் வயல் நடுவே கிடந்த 'ஸ்ப்ரே' என்ற பழம்படகு தானமாகக் கிடைத்தது. மூலச்சாமான்களுக்கு 553 டாலர் 62 செண்ட் செலவிட்டு, பதின்மூன்று மாதம் தம் கையாலேயே அதைப் புதுப்பித்து, 1895 ஏப்ரல் 24ஆம் தேதி, தமது ஐம்பத்தோராம் வயதில், பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அந்தப் பிரயாணத்தின் வீரக்கதையைச் சொல்பவர்கள் அநேகர். எனக்கு அதில் விசேஷமாய்ப் படுவது, போகும் வழியிலெல்லாம் அவர் தம் படகின் மரங்களை வெட்டிக் குறைத்துக்கொண்டே போன காரியந்தான். போனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் பாய்மரத்தை இறக்கி ஏழடி குறைத்தார்; அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, முன்னோக்கி நீண்டிருந்த கழியில் ஏறக்குறைய ஐந்தடி அறுத்தார்; பிற்பாடு அதன் நுனியில் தொங்கிக்கொண்டு முன்பாயைச் சுருக்க நேர்ந்தபோதெல்லாம், இன்னும் ஓரடி அறுத்திருக்கலாமே என்று வருந்தியதாக அவரே எழுதியிருக்கிறார். மாகெல்லன் ஜலசந்தியில், பின்புறத்தில் சிறியதொரு பாய்மரத்தை நட்டு, ஒரே பெரும்பாயின் பாரத்தை இரண்டாகப் பங்கிட்டார். பெரும்பாய் சிறுத்தால் அதன் கழியின் வேகமும் கட்டுக்குள் வரும் என்பது கணக்கு.

இவ்வளவும் செய்தபின் கிடைத்த பலன் ஆச்சரியமானது. சுக்கான் சக்கரத்தின் ஆரங்களைக் கயிற்றால் கட்டிவிட்டு அவர் உள்ளே போய்ப் புத்தகம் படிப்பார். படகு தன் திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது, பெரும்பாயின் அடிக்கழியை வெளியே தள்ளி விரித்து, முன்னாலுள்ள சிறுபாயின் தாமானை, அதாவது பாயை இழுத்துக் கட்டும் கயிற்றை, நடுவாக இறுக்கிக் கட்டிவிடுவார். படகின் தலை ஒருபுறம் திரும்பத் தொடங்கினால் காற்று அந்தச் சிறுபாயில் மோதி மீண்டும் நேராக்கிவிடும். தர்ஸ்டே தீவிலிருந்து இந்து மகாசமுத்திரத்துக் கீலிங் தீவுகள்வரை 2,700 மைலை 23 நாளில் ஓடி முடித்தபோது, அவர் சுக்கானில் நின்ற நேரம் மொத்தம் மூன்று மணிக்கு மேற்படவில்லை. 1898 ஜூன் 27ஆம் தேதி நியூபோர்ட் வந்து சேர்ந்தார்.

ஸ்லோகமின் அடியொற்றி வந்தவர்களுள் வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸனைத் தமிழர்கள் அறிந்திருக்க நியாயமுண்டு. 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிய இவர், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற மரக்கலத்தைப் பின்னர் விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார்; கனகரத்தினம் தம்பிப்பிள்ளை என்ற தண்டயலின் தலைமையில் வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிச்சென்று, 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாஸசூஸெட்ஸின் குளோஸ்டர் துறையில் சேர்த்தார்கள். அன்னபூரணி முன்மரத்தில் பருமல்களில், அதாவது குறுக்குக் கழிகளில், தொங்கும் சதுரப் பாய்களும், பின்மரத்தில் அடிக்கழியோடு கூடிய பாயும் கொண்ட கலம். பின்காற்றில் சதுரப் பாயே ஓட்டத்தை ஏற்றுக்கொள்ளுமாதலால், அடிக்கழியை நம்பியிருக்கவேண்டிய அவசியம் இல்லை. ராபின்ஸன் 1942இல் தமக்கென்று கட்டிக்கொண்ட 'வருவா' என்ற படகும் இதே அமைப்புத்தான். அதன் வரைபடத்தில் அவரோடு உழைத்தவர் 'என்டர்பிரைஸ்' புகழ் பர்ஜெஸ். வல்வெட்டித்துறைக் கலம் அவர் மனத்தில் ஏதோ ஒரு மூலையில் இருந்திருக்கவேண்டும் என்று எண்ண எனக்கு ஆசை.

சதுரப் பாய் சிறு படகுகளுக்கு ஒத்துவரவில்லை. அவற்றுக்கு வேறு உபாயம் கிடைத்தது. 1930இல் அயர்லாந்துக்காரர் ஆட்வே வாலர் 'இமோஜன்' படகில், பெரும்பாயை அதன் அடிக்கழியோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டு, அணியத்தில் இடமும் வலமுமாக இரண்டு முக்கோணப் பாய்களைத் தனித்தனிக் கழிகளில் விரித்தார். கழிகளின் நுனிக்கயிறுகள் கப்பிகளின் வழியாகச் சுக்கான் தடிக்கு வந்தன. படகு ஒருபுறம் விலகினால் ஒரு பாயில் காற்று அதிகம் ஏறும். அந்த இழுப்பே சுக்கானைத் திருத்தும். பிரெஞ்சு ஓவியர் மரேன்-மரி 1933இல் 'வின்னிபெல்' படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தது இம்முறையினால்தான். எரிக் ஹிஸ்காக் தம்பதிகள் 1952 முதல் 1955 வரை 30 அடி 'வாண்டரர் III' படகில் உலகைச் சுற்றியபோதும் பின்காற்றில் இந்த இரட்டைப் பாய்களே துணை. படகு ஓயாமல் உருண்டு உருண்டு ஆடும் என்பதே இதிலுள்ள கஷ்டம். ஆனால் கழி தலையில் விழாது.

பாயைச் சுருக்கும் வகையிலும் மனிதர்கள் ஒரு சுற்றுப் போய்த் திரும்பினார்கள். பழங்காலத்தில் பாயில் வரிசையாகத் தொங்கும் குட்டைக் கயிறுகளை அடிக்கழியோடு ஒவ்வொன்றாய் முடிந்தார்கள். ஈரக் கயிற்றில், விறைத்த விரலால், இருளில். இதைக் கண்டு மனமிரங்கிய யந்திர நிபுணர்கள், கைப்பிடியைச் சுற்றினால் அடிக்கழியே உருண்டு பாயைத் தன்மேல் சுருட்டிக்கொள்ளும் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். பார்வைக்கு நேர்த்திதான். ஆனால் பாயின் முன்னோரக் கயிறு மரத்தருகே தடித்துச் சுருள, பின்நுனி மெலிந்து தாழ்ந்து, ஆட்களின் தலைமட்டத்துக்கே இறங்கிவந்தது. அதை உயர்த்தப் பின்பக்கத்தில் மரச்சீவல்களை வைத்துச் சுருட்டவேண்டியதாயிற்று. மேலும், அடிக்கழி மேலே எழும்பாதபடி கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, உருளும் கழியில் எங்கே கட்டுவது? இதற்குள் டெரிலீன் துணி வந்து, பருத்திப் பாயின் நீட்சியும் பூஞ்சணமும் ஒழிந்தன. 1970களில் பெரும்பாலோர் பழைய கட்டுமுறையையே, கயிறுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இந்தத் தொல்லைகளையெல்லாம் ஒரேயடியாக ஒதுக்கியவர் ஹேஸ்லர் என்ற கடலோடி. 1960இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு நடந்த முதல் தனிமனிதப் பந்தயத்தில், முதலாவதாக வந்த சிசெஸ்டர் என்பவர் 40 நாளில் போய்ச் சேர, இவர் 48 நாளில் இரண்டாவதாக வந்தார். இவருடைய 'ஜெஸ்டர்' 25 அடிப் படகு. தாங்கு கயிறே இல்லாத ஒற்றை மரம். அதில் சீனத்துப் பாய். பாய் முழுவதும் குறுக்குக் கழிகள் ஓடுவதால், ஏற்றக்கயிற்றைச் சற்றுத் தளர்த்தினாலே ஒரு மடிப்புக் கீழே தானாக அடுக்கிக்கொள்ளும். பாயின் ஒரு பகுதி மரத்துக்கு முன்னே நிற்பதால், காற்று மறுபுறம் மாறினாலும் வீச்சு மெதுவாகவே வரும். அடிக்கழியும் மற்றக் கழிகளைப்போல் இலேசானது. கயிறுகளெல்லாம் படகின் நடுவிலுள்ள வட்டத் துவாரத்துக்கே வந்துசேர, மேல்தளத்துக்குப் போகாமலே பாயை ஏற்றலாம், இறக்கலாம். பின்னாளில் அந்தப் படகு மைக்கேல் ரிச்சி என்பவரின் கைக்கு மாறி, 1988ஆம் வருஷத்துப் பந்தயத்தில் சமுத்திரத்தில் பறிபோயிற்று. அதே வடிவத்தில் புதிதாகக் கட்டப்பட்ட படகுக்கும் சீனப் பாயையே பூட்டினார்கள்.