பொம்மையின் விலையும் பொம்மையின் இடமும்: மருத்துவக் கல்வியில் பாவனைப் பயிற்சி

மருத்துவ மாணவர் நோயாளியைத் தொடுமுன் பொம்மையில் கைபழக வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. இந்தியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் கல்லூரிதோறும் திறன் பயிற்சிக் கூடம் வேண்டும் என்கிறது. ஆனால் கூடத்தில் எதை வாங்கி வைப்பது என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. பயிற்சியின் பலனைத் தீர்மானிப்பதில் பொம்மையின் தத்ரூபத்தைவிட, அது பிரசவ அறை போன்ற பணியிடத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, எத்தனை முறை கையில் எடுக்கப்படுகிறது என்பவற்றுக்கே பங்கு அதிகம் என்பது என் வாதம்.

தான்சானியாவின் ஹேடம் லூத்தரன் மருத்துவமனை இதற்கு நல்ல சான்று. மூச்சுவிடாமல் பிறக்கும் குழந்தையை மீட்க, 2010இல் அங்கு ஒருநாள் பயிற்சி தரப்பட்டது. பயன்பட்ட பொம்மை மிக எளியது. வெதுவெதுப்பான நீரை நிரப்பினால் பச்சைக் குழந்தையின் கனம் வந்துவிடும். பயிற்றுநர் சிறு ரப்பர் குமிழை அமுக்கினால் தொப்புள்கொடி துடிக்கும். மற்றொன்றை அமுக்கினால் மார்பு ஏறி இறங்கும். குமிழை விட்டுவிட்டால் குழந்தை மூச்சற்றுக் கிடக்கும். பிறந்த முதல் நிமிடத்துக்குள் கையால் அமுக்கிக் காற்றூட்டும் ஆம்பு பையை எடுத்து முகமூடியைப் பொருத்திக் காற்றுச் செலுத்த வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் பொம்மையிடம் இதைத் திறம்படச் செய்தார்கள். ஆனால் பிரசவ அறையில் உண்மைக் குழந்தைகளைக் கையாளும் முறை மாறவில்லை என்று 2013இல் வெளியான ஆய்வு சொன்னது.

பாவனைப் பயிற்சியை ஐயுறுவோர் இந்த முடிவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஹேடம் நிறுத்தவில்லை. பொம்மை பிரசவ அறைக்கே வந்தது. வாரந்தோறும் மூன்று முதல் ஐந்து நிமிடம், பணிக்கு நடுவிலேயே பயிற்சி. மாதம் ஒருமுறை நாற்பது நிமிடம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேர்ந்த சிசு மரணம் ஆயிரத்துக்கு 11.1இலிருந்து 7.2ஆகக் குறைந்ததாக 2015இல் பதிவாயிற்று. இது முன்-பின் ஒப்பீடுதான். வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆயினும் அதே பொம்மை, அதே மருத்துவமனை என்பதை மறக்கலாகாது.

பிரிஸ்டல் நகரின் சௌத்மீட் மருத்துவமனையிலும் இதையொத்த அனுபவமே. பிரசவத்தில் தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் அவசரநிலைக்கு, மருத்துவர் முதல் தாதியர்வரை அனைவருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. தோள் சிக்கிய பிரசவங்களில் சிசுவுக்குக் காயம் ஏற்படும் விகிதம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 ஆகக் குறைந்தது. எதிர்ச் சான்றும் அந்தப் பயிற்சி மரபிலேயே உண்டு. இழுக்கும் விசையை அளந்து காட்டும் பொம்மையில் பழகியவர்களில் 94 சதவீதத்தினர் பாவனைப் பிரசவத்தை முடித்தனர். பழைய பொம்மையில் பழகியவர்களில் 72 சதவீதத்தினரே முடித்தனர். ஆகவே தத்ரூபம் வீண் என்று சொல்ல முடியாது. கற்பிக்க வேண்டியது கைவிசை என்றால் அதை உணர்த்தும் கருவி வேண்டும். விலையுயர்ந்த பொம்மைகளில் வரும் கண் சிமிட்டும் வசதி அங்கே எதற்கு?

கணினித் திரையில் வரும் மெய்நிகர் நோயாளியையும் இப்படியே எடைபோட வேண்டும். அது கைத்திறன் தராது. நோயறியும் சிந்தனையை வளர்ப்பதே அதற்குரிய வேலை என்று மருத்துவக் கல்வி ஆய்வாளர்களான குக், டிரையோலா இருவரும் 2009இல் வாதிட்டனர். அதை ஏற்கிறேன். நெஞ்சுவலி என்று வரும் ஒரே ஒரு நோயாளியை முப்பரிமாணத்தில் செதுக்குவதைவிட, நெஞ்சுவலியோடு வரும் இருபது வெவ்வேறு பேரை வெறும் எழுத்திலும் படத்திலும் தருவது மாணவருக்கு மேல். மாரடைப்பு, நெஞ்செரிச்சல், நுரையீரல் இரத்தக்கட்டு, விலா எலும்பு வலி என மாறிமாறி வரும்போதுதான் எதை முதலில் கேட்பது, எதை முதலில் விலக்குவது என்ற பழக்கம் படியும். தவறான முடிவெடுத்தால் ஏன் தவறு என்று கூட இருந்து பேச ஓர் ஆசிரியரும் வேண்டும். மென்பொருளோடு அவர் சேர்ந்து வருவதில்லை.

நம் கல்லூரிகளை ஆய்வு செய்வோர் பொம்மைகளை எண்ணுவதோடு, அவை கடந்த மாதம் எத்தனை முறை வெளியே எடுக்கப்பட்டன என்ற பதிவேட்டையும் கேட்க வேண்டும். புதிய கருவிக்கு நிதி கோருமுன், இருக்கும் பொம்மைகளில் ஒன்றையாவது பிரசவ வார்டுக்கு மாற்றி, வாரம் ஐந்து நிமிடத்தைப் பணி அட்டவணையில் ஒதுக்குங்கள்.