மீட்டர் பெட்டிக்குள் இரண்டு கருவிகள்



அப்பா காலத்து அம்பாசிடரையும் பத்மினியையும் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் நம்மில் சிலர் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "டீச்சர், மீட்டர் முள் அசையவே மாட்டேங்குது. கழற்றிப் போட்டுவிட்டு டிஜிட்டல் மீட்டர் மாட்டிடலாமா?" கழற்றுவதற்கு முன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். வரலாறு தெரிந்தால் கோளாறு எந்த இடத்தில் என்பதும் பாதி தெரிந்துவிடும். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வட்டப் பெட்டிக்குள் இருப்பவை இரண்டு கருவிகள். எண்கள் உருண்டு "இத்தனை கிலோமீட்டர் ஓடியது" என்று சொல்வது ஒன்று. முள் நகர்ந்து "இப்போது இந்த வேகம்" என்று சொல்வது இன்னொன்று. இரண்டுக்கும் வயது வித்தியாசம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு!

தூரம் அளக்கும் கருவி மூத்தது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய நூலின் பத்தாம் பகுதியில் அதை விவரித்திருக்கிறார். வண்டிச் சக்கரம் 400 முறை சுற்றினால் ஒரு ரோமானிய மைல், அதாவது 5000 அடி. சக்கரம் ஒருமுறை சுற்றும்போது 400 பற்கள் கொண்ட உருளை ஒரு பல் நகரும். 400 பற்களும் நகர்ந்து முடிந்ததும் ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் 'டங்' என்று விழும். மாலையில் கற்களை எண்ணினால் பயணம் எத்தனை மைல் என்று தெரியும். உங்கள் காரில் உருளும் எண்களும் இதே தத்துவம்தான். கல்லுக்குப் பதிலாக எண் சக்கரம், அவ்வளவே.

அப்படியானால் வேகம் அளக்கும் கருவி வர ஏன் இத்தனை காலம் ஆயிற்று? நான்காம் வகுப்புக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தூரத்தை எண்ணினால் போதும். வேகம் தெரிய, தூரத்தை நேரத்தால் வகுக்க வேண்டும். அந்த வகுத்தலை ஓடும் வண்டியிலேயே, ஒவ்வொரு நொடியும், ஒரு கருவி செய்ய வேண்டும். மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் அப்படி ஒரு தேவை எழவில்லை. தேவையை உண்டாக்கியது மோட்டார் வண்டியும், அதன் பின்னாலேயே வந்த போலீஸும்.

இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குதிரை இல்லாமல் ஓடும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும். 1896 ஜனவரியில் வால்டர் அர்னால்ட் என்பவர் கென்ட் பகுதியில் பேடக் வுட் என்ற ஊர் வழியாக மணிக்கு 8 மைல் வேகத்தில் கார் ஓட்டினார். நம் கணக்கில் சுமார் 13 கிலோமீட்டர். ஒரு காவலர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகமாகப் போனதற்கு ஒரு ஷில்லிங் அபராதம். அந்த ஆண்டின் இறுதியிலேயே வரம்பு 14 மைல் ஆயிற்று. 1904 தொடக்கத்திலிருந்து 20 மைல்.

வரம்பு கூடியதும் வழக்குகளும் கூடின. அளந்து வைத்த தூரத்தின் இரு முனையிலும் காவலர்கள் வேலிச் செடிகளுக்குப் பின்னால் ஒளிந்து, ஸ்டாப் வாட்சில் நேரம் பார்த்தார்கள். இந்தப் பொறிகளைப் பற்றி ஓட்டுநர்களை எச்சரிப்பதற்காகவே 1905-இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கம் தொடங்கப்பட்டது. காவலரிடம் கடிகாரம் இருந்தது. ஓட்டுநரிடம் தன் வேகத்தைக் காட்ட எதுவுமே இல்லை. வேகம் காட்டும் முள் வண்டியில் இடம் பிடித்தது இந்தச் சண்டைக் காலத்தில்தான்.

தொடக்கத்தில் வந்த சில கருவிகள் நீராவி இயந்திரத்தின் குண்டுகளைப் பின்பற்றின. வேகமாகச் சுழன்றால் குண்டுகள் வெளிப்பக்கம் விரியும். அந்த விரிவு முள்ளைத் தள்ளும். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிவிடும். அதனால் முகப்பில் எண்களைச் சம இடைவெளியில் போடுவது கடினம்.

சிக்கலைத் தீர்த்தது காந்தம். 1824-இல் பிரெஞ்சு அறிஞர் அராகோ ஒரு விந்தையைக் கண்டார். செம்புத் தட்டைச் சுழற்றினால், மேலே தொங்கும் காந்த ஊசியும் கூடவே திரும்புகிறது. செம்பு காந்தத்தில் ஒட்டாத உலோகம் ஆயிற்றே! காரணம் 1831-இல் மைக்கேல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்த பிறகுதான் விளங்கியது. காந்தமும் உலோகமும் ஒன்றைவிட்டு ஒன்று நகரும்போது உலோகத்துக்குள் சிறு சிறு மின்சுழல்கள் உண்டாகின்றன. அந்தச் சுழல்கள் காந்தத்தை இழுக்கின்றன. எவ்வளவு வேகமோ அவ்வளவு இழுப்பு. வகுத்தல் கணக்கை இயற்கையே போட்டுத் தந்துவிட்டது!

இதை வைத்து 1902-இல் ஓட்டோ ஷுல்ட்சே என்பவர் வேகமானிக்கு ஜெர்மன் காப்புரிமை பெற்றார். அவர் ஊர் ஸ்ட்ராஸ்பூர்க்; இன்று பிரான்சில் உள்ளது, அன்று ஜெர்மனியில் இருந்தது. அமைப்பு எளிமையானது. சக்கரமோ கியர்பாக்ஸோ ஒரு கேபிளைச் சுழற்றும். கேபிளின் முனையில் காந்தம். காந்தத்தைத் தொடாமல், மயிரிழை இடைவெளி விட்டு, ஓர் அலுமினியக் கிண்ணம். கிண்ணத்தில் முள். காந்தம் சுழன்றால் கிண்ணமும் சுழலப் பார்க்கும். கடிகாரத்தில் இருப்பது போன்ற மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கும். இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். உங்கள் முள்ளுக்கும் சக்கரத்துக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. நடுவில் இருப்பது காற்று மட்டுமே.

இந்த வேலை கடிகாரக்காரர்கள் கைக்குப் போனதில் வியப்பில்லை. லண்டனில் கடிகாரம் செய்த ஸ்மித்ஸ் நிறுவனம்தான் பின்னாளில் பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களுக்கு மீட்டர் கொடுத்தது. 1937 அக்டோபர் முதல் பிரிட்டனில் புதுக் கார்களுக்கு வேகமானி கட்டாயம் ஆயிற்று. நம் நாட்டிலும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் அதை வலியுறுத்துகின்றன. எழுபதுகளில் நம் கோயம்புத்தூரிலேயே பிரிக்கால் நிறுவனம் தொடங்கி, மீட்டர் செய்வதில் பெயர் வாங்கியது.

இனி கோளாறுக்கு வருவோம். கேபிள் உள்ள எல்லாப் பழைய வண்டிக்கும் இது பொருந்தும். முதல் கேள்வி: முள் நிற்கும்போது எண்கள் உருளுகின்றனவா?

1. முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை: இரண்டு கருவிகளும் ஒரே நாளில் கெடுவது அரிது. இரண்டுக்கும் பொதுவானது கேபிள். மீட்டரின் பின்னால் உள்ள திருகு மூடியைக் கழற்றி உள் கம்பியை உருவிப் பாருங்கள். பாதியில் அறுந்து வந்தால் விடை கிடைத்துவிட்டது. கம்பி முழுதாக இருந்தால் திரும்பப் பொருத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சமதளத்தில் வண்டியைச் சில அடி தள்ளச் சொல்லுங்கள். பிரேக்கில் ஓர் ஆள் இருக்கட்டும். மேல்முனை சுழன்றால் பழுது மீட்டரில். சுழலாவிட்டால் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள பல் சக்கரத்தில். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் மட்டும் இடது முன் சக்கரத்தைப் பாருங்கள். அதில் கேபிள் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

2. எண் உருளுகிறது, முள் இல்லை: கேபிள் நிரபராதி. காந்தம், கிண்ணம், சுருள்வில் இவற்றில் ஒன்றில் கோளாறு. மீட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். வில்லைக் கையால் தொட வேண்டாம்.

3. முள் ஓடுகிறது, எண் இல்லை: காந்தப் பகுதி நலம். எண்களைத் தள்ளும் சிறு பல் சக்கரம் தேய்ந்திருக்கும். விட்ருவியஸின் 400 பல்லில் ஒரு பல் உடைந்த கதை.

4. முள் ஆடுகிறது, துள்ளுகிறது: கேபிள் எங்கோ மடங்கியிருக்கும், அல்லது வறண்டிருக்கும். கம்பியை மண்ணெண்ணெயில் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவுங்கள். மேல்முனையில் ஒரு சாண் மட்டும் தடவாமல் விடுங்கள்.

5. முள் மேலே ஏறி இறங்க மறுக்கிறது: கேபிளில் அளவுக்கு மீறித் தடவிய கிரீஸ் சுழன்று சுழன்று மீட்டருக்குள் ஏறியிருக்கலாம். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே அது ஒட்டிக்கொண்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றப் பார்க்கும். காற்று இடைவெளிதான் இந்தக் கண்டுபிடிப்பின் உயிர் என்றேனே, அது அடைபட்டுவிட்டது. ஒரு சாண் விடச் சொன்னது இதற்குத்தான்.

6. சீராகக் காட்டுகிறது, ஆனால் தவறாக: டயர் அளவு மாறியிருக்கலாம், அல்லது வேறு வண்டியின் மீட்டர் மாட்டியிருக்கலாம். ஸ்மித்ஸ் மீட்டர் முகப்பில் 1280, 1600 என்று ஒரு சிறு எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. உங்கள் வண்டிக்கான எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். சோதிக்க எளிய வழி: சீரான வேகத்தில் போகும்போது, இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு இடையே ஆகும் நேரத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். 3600-ஐ அந்த வினாடிகளால் வகுங்கள். 60 வினாடி என்றால் 60 கிலோமீட்டர். 45 வினாடி என்றால் 80.

வெளிநாட்டு மோரிஸ், ஆஸ்டின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த முகப்பு மைலில் இருக்கும். முள் 50-ஐக் காட்டினால் நம் சாலைப் பலகைக் கணக்கில் அது 80.

"முள் இல்லாமலே இருபது வருஷம் ஓட்டிட்டேன், காதே வேகத்தைச் சொல்லிடும்" என்று உறவினர்கள் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. காதும் கண்ணும் பழக்கத்துக்கு அடிமை. நான்கு வழிச் சாலையில் ஒரு மணி நேரம் 80-இல் போய்விட்டு ஊருக்குள் திரும்பினால், 50 என்பது ஊர்வது போலத் தோன்றும். பள்ளி விட்டுப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடம் அந்தத் திருப்பத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில் பொய் சொல்லாமல் இருக்க முள் மட்டுமே உண்டு.

இன்னொன்று. பழைய கார் வாங்கப் போனால், "ரொம்பக் கம்மியாத்தான் ஓடியிருக்கு" என்று காட்டப்படும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கேபிளைக் கழற்றி வைத்து ஓட்டினால் எண் ஏறாது, முள்ளும் அசையாது. எண் குறைவாகவும் கேபிள் தளர்வாகவும் இருந்தால் காரணம் கேளுங்கள்.

எனவே, மீட்டரைத் தூக்கி எறிவதற்கு முன் கேபிளை உருவிப் பாருங்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால், ஓர் அலுமினியக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து அதற்குள் வலுவான காந்தம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அது மிதப்பது போல மெதுவாக இறங்கும். அராகோ கண்ட விந்தை அதுதான். காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள். முதலில் அவர்களைக் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்