முதற் குலோத்துங்கனின் சோழ உரிமை: சுவீகாரமா, விவாக சம்பந்தமா?

1070ஆம் ஆண்டில் அதிராஜேந்திரனுக்குப் பின் சோழ சிங்காதனம் ஏறி, சில ஆண்டுகளில் குலோத்துங்கன் என்னும் பெயரால் விளங்கலான வேங்கி இளவரசன் இராஜேந்திரனை, அவனுடைய தாய்வழிப் பாட்டனாகிய கங்கைகொண்ட சோழன் குழந்தைப் பருவத்திலேயே சுவீகாரம் செய்துகொண்டான் என்றும், சோழ ராஜ்யம் அதனாலேயே அவனுக்கு உரித்தாயிற்று என்றும் கூறும் கொள்கை, மறுப்புகள் எழுந்த பின்னும் மறைந்துவிடவில்லை. கலிங்கத்துப்பரணியின் அவதாரப் பகுதியில், பேரனைக் கையில் ஏந்திய பாட்டி, இவன் நம் இரவிகுலத்துக்கு மகனாகத் தக்கவன் என்று மகிழ்வதாக ஜயங்கொண்டார் பாடியதைத் தவிர இக்கொள்கைக்கு வேறு பற்றுக்கோடு இல்லை.

பரணி, குலோத்துங்கன் பல்லாண்டு அரசாண்டு கலிங்கத்தையும் வென்ற பிறகு அவன் அவையில் எழுந்த நூல். தன் அரசன் இரு குலத்துக்கும் உரியவன் என்று காட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அத்தகைய நூலில் ஒரு பாட்டியின் பூரிப்பைத் தத்தெடுத்ததற்குச் சாட்சியாக்குவது, எந்த வீட்டிலும் பேரனைப் பார்த்துப் பாட்டிமார் சொல்லும் சொல்லையெல்லாம் ஆவணமாகக் கொள்வதற்கு ஒப்பாகும். மேலும் இராஜாதிராஜன், இரண்டாம் இராஜேந்திரன், வீரராஜேந்திரன் என்று பின்னர் ஒருவர்பின் ஒருவராக முடிசூடிய புதல்வர் மூவர் இருக்க, மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுக்க வேண்டிய அவசியந்தான் யாது? இவ்வினாவுக்குச் சுவீகாரக் கொள்கையினர் விடை கூறியதில்லை.

இதனினும் வலிய தடை செல்லூர்ச் செப்பேடுகளில் உள்ளது. கோதாவரிப் பிரதேசத்துச் செல்லூரில் கிடைத்து, ஹூல்ஷ் அவர்களால் தென்னிந்திய சாசனங்களின் முதல் தொகுதியில் பதிப்பிக்கப்பெற்ற இவ்வேடுகள், குலோத்துங்கனுடைய மகன் வீரசோடன் வழங்கியவை. தத்துப் போன மகன் பெற்றவனுடைய கோத்திரத்தை இழப்பான் என்பது மனுவின் விதியாக இருக்க, வீரசோடனோ தன் வமிசத்தைத் திருமாலில் தொடங்கிச் சந்திரன் வழியாகவே கீழைச் சளுக்கியர்வரை கொணர்ந்து, தந்தையையும் அதே வரிசையில் நிறுத்தி, அவன் முதலில் வேங்கி நாட்டுக்கும் பின்னர்ச் சோழ நாட்டுக்கும் முடிசூடினான் என்கிறான். சூரியகுலம் இங்கே இடம்பெறுவது மணமகளுடைய குலமாக மாத்திரமே: அக்குலத்து இராஜேந்திரதேவனுடைய, அதாவது இரண்டாம் இராஜேந்திரனுடைய, மகள் மதுராந்தகியை அவன் மணந்து எழுவர் புதல்வரைப் பெற்றான். சிற்றப்பன் விஜயாதித்தனுக்கு வேங்கியைத் தந்தை தானே மனமுவந்து கொடுத்ததாக இவ்வேடுகள் கூறுவதை, விஜயாதித்தனுடைய இரியாலிச் செப்பேடுகளோடு ஒப்பிட்டால் நம்புதல் அரிதே. அரசியற் செய்திகளை மெருகிடும் இச்சாசனம், சுவீகாரம் உண்மையாயின், தந்தைக்குப் பெருமை தரும் அச்செய்தியை விட்டிருக்குமா?

ஆகவே உரிமையின் வேரை விவாக சம்பந்தத்திலே தேடுதல் தகும். முதல் இராஜராஜன் மகள் குந்தவையை விமலாதித்தன் மணந்தான். அவர்கள் மகன் இராஜராஜ நரேந்திரன், தன் மாமன் கங்கைகொண்ட சோழனுடைய மகள் அம்மங்கையை மணந்தான். இவர்கள் மகனே மீண்டும் தன் மாமன் மகளான மதுராந்தகியைக் கைப்பிடித்தான். போதாயனரும் தென்னாட்டார்க்கு உரியதாகக் குறித்த இவ்வழக்கத்தின்படி, மூன்று தலைமுறையில் வேங்கி அரண்மனை சோழரிடம் பெண் கொண்ட வீடு என்னும் நிலையிலிருந்து மகள்வழி இரத்தம் தங்கிய வீடு என்னும் நிலைக்கு வந்துவிட்டது. மேலைச் சளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தனும் சோழர்க்கு மருமகனே. வீரராஜேந்திரன் மகளை மணந்தவன். எனினும் அவனால் மைத்துனன் அதிராஜேந்திரனை அரியணையில் அமர்த்த முடிந்ததேயன்றித் தான் அமர முடியவில்லை. அவனுக்குச் சோழ உறவு மனைவிவழியோடு நின்றது. குலோத்துங்கனுக்குத் தாய்வழியும் பாட்டிவழியும் கூடின.

உறவு மாத்திரம் முடி தராது என்பதையும் மறத்தலாகாது. அதிராஜேந்திரன் கலகத்தில் மாண்டான் என்று விக்கிரமாதித்தனுடைய அவைக்கவி பில்ஹணர் கூற, குடந்தையை அடுத்த கூகூர்க் கல்வெட்டோ, அவனது மூன்றாம் ஆட்சியாண்டின் 200ஆம் நாளில், அவன் நோய் நீங்கும்பொருட்டுத் திருப்பதிகம் ஓதப்பட்டதைக் குறிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று முற்றும் விலக்குவன அல்ல. நோயுற்ற அரசன் காலத்தில் கலகம் மூள்வது அரிதன்று. பரகேசரியாகிய அதிராஜேந்திரனை அடுத்து, வந்தவன் முறைப்படி இராஜகேசரி என்னும் பட்டம் பூண்டதும், மெய்க்கீர்த்தி அவன் மகுடத்தை உரிமையாற் சூடியதாக வற்புறுத்துவதும் ஆட்சேபம் இருந்ததையே உணர்த்துவன போலும்.

மதுராந்தகியின் விவாகம் நிகழ்ந்த ஆண்டைச் செல்லூர் ஏடுகள் கூறவில்லை. வீரசோடன் வேங்கியில் முடிசூடியது சக ஆண்டு 1001, அதாவது 1078. அவனுக்குமுன் அவன் தமையன் மும்முடிச்சோடன் அங்கே ஓராண்டு ஆண்டான். ஆளத்தக்க புதல்வர் இருவர் அப்போது இருந்தனராயின், இரண்டாம் இராஜேந்திரன் மறைந்த 1063க்கு முன்பே, அவன் கையாலேயே கன்னிகாதானம் நிகழ்ந்திருத்தல் வேண்டும். ஆனால் தாய்தந்தையர் திருவடியைப் பிரிந்திருத்தல் ஆற்றாமல் மும்முடிச்சோடன் திரும்பினான் என்று அவ்வேடுகளே கூறுகின்றன. சாசனக் கவி பிதிருபக்தி என்று புகழும் இச்செய்கை, வேங்கிக்கு அனுப்பப்பட்டவன் சிறுபிள்ளை என்பதற்கும் அடையாளமாகலாம். அங்ஙனமாயின் விவாகத்தை வீரராஜேந்திரன் ஆட்சிக்குக் கொண்டுசெல்லவும் இடமுண்டு. யான் முன்னதையே சார்கிறேன். ஆயினும் இவ்வேடுகளைக்கொண்டு பின்னதை மறுக்க இயலாது.