கொல்லருக்காக எடுத்த கதவுகள்

பாரிஸில் 1890களில் ஒரு வீட்டு வாசலில் 'ஓவியர்களுக்கான ஆவணங்கள்' என்று ஒரு பலகை தொங்கியது. மாட்டியவர் எழேன் அட்ஜே. இளம் வயதில் கப்பலில் வேலை பார்த்தவர். பிறகு நாடகம் கற்று, ஊர் ஊராகப் போகும் குழுவில் சில்லறை வேஷங்கள் கட்டினார். தொண்டைக் கோளாறு வந்து மேடையும் கைவிட்டது. மரம், செடி, மிருகம் என்று ஓவியர்கள் பார்த்து வரைவதற்கான படங்களை எடுத்து விற்கலாம் என்று கேமராவைக் கையில் எடுத்தார். இன்று வெளியூர் போகிறவர்கள் கதவையும் படிக்கட்டையும் படமெடுத்துத் தள்ளுகிறார்களே, அந்த வழக்கத்தின் முன்னோடிகளில் இவர் முக்கியமானவர். இவருக்கோ அது வயிற்றுப்பாடு.

மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1853 முதல் 1870 வரை, ஒஸ்மான் என்ற அதிகாரி பாரிஸின் பழைய சந்துகளை இடித்து அகலச் சாலைகள் போட்டார். இடித்து முடித்த பிறகுதான், வழக்கம்போல, மிஞ்சியதன் மேல் பாசம் வந்தது. 1897இல் நகராட்சி 'பழைய பாரிஸ் குழு' ஒன்றை அமைத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் அட்ஜேயும் பழைய வீடுகளின் பக்கம் திரும்பினார். கார்னவாலே அருங்காட்சியகம், நகரின் வரலாற்று நூலகம், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் எல்லாம் அவரிடம் படம் வாங்கின.

ஆனால் கதவும் படிக்கட்டும் அவர் சரக்கில் இவ்வளவு இடம் பிடித்ததற்கு வேறு வாடிக்கையாளர்களும் காரணம். கம்பி வேலை செய்யும் கொல்லர்கள், தச்சர்கள், வீட்டு அலங்காரம் செய்வோர். பழைய பிரபுக்களின் மாளிகையில் இருப்பது போன்ற வேலைப்பாட்டைப் புதுப் பணக்காரர்கள் கேட்டால், பட்டறைக்கு மாதிரி வேண்டும். முழு மாளிகையின் படம் கொல்லருக்கு எதற்கு? கதவைத் தட்டும் வளையம் சிங்க வாயில் எப்படிப் பொருந்துகிறது, மாடிக் கிராதியில் சுருள் எங்கே முடிகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். அதனால் அட்ஜே முதலில் முகப்பு, பிறகு கதவு, அதற்குப் பிறகு அந்த வளையம் மட்டும் என்று நெருங்கிக்கொண்டே போனார். வாடிக்கையாளரின் பெயர், தொழில், விலாசம், போய்ப் பார்க்க ஏற்ற நேரம் எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்.

துருத்தி வைத்த மரக் கேமரா, ஸ்டாண்டு, 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகள். அத்தனையையும் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிடுவார்; தெருவில் ஆளும் வண்டியும் பெருகுமுன் வேலை முடியவேண்டும். உயரமான கதவின் உச்சி அடங்கவேண்டுமென்று லென்ஸை மேலே ஏற்றுவார். அதனால் பல படங்களில் மேல் மூலைகள் இரண்டும் இருண்டிருக்கும். தகட்டைத் தாளோடு ஒட்டவைத்து வெயிலில் காட்டி பிரிண்ட் எடுப்பார். பெரிதாக்கும் வேலையே கிடையாது; தகட்டின் அளவுதான் படத்தின் அளவு.

பாரிஸின் மரே பகுதியில், ஐந்தாம் சார்லஸ் தெருவிலுள்ள பிரன்வில்லியே மாளிகையின் படிக்கட்டை 1900இல் எடுத்தார். அப்பாவையும் தம்பிகளையும் விஷம் வைத்துக் கொன்றதற்காக 1676இல் தலை வெட்டப்பட்ட சீமாட்டியின் வீடு அது. கதையை விற்றிருந்தாலும் காசு வந்திருக்கும். படத்தில் இருப்பதோ படிகளும், வளைந்து மேலேறும் இரும்புக் கிராதியும்தான்.

1908இல் சேன் நதிக்கரையில் 'ஓ தம்பூர்' என்ற மதுக்கடையின் வாசலை எடுத்தபோது மனிதர்களும் படத்துக்குள் வந்துவிட்டார்கள். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கும் முகங்கள். அதே கண்ணாடியில் அவருடைய கேமராவின் பிம்பம். கொல்லருக்கு இது உபயோகப்படாது. இன்று அதிகம் பேசப்படும் அவர் படங்களில் இதுவும் ஒன்று.

1920இல் 2,621 நெகட்டிவ்களை அரசுக்கு 10,000 பிராங்குக்கு விற்றார். அட்ஜேயின் தெருவிலேயே குடியிருந்த புகைப்படக் கலைஞர் மான் ரே 1926இல் சர்ரியலிஸ்ட் பத்திரிகையில் அவர் படங்களைப் போட்டபோது, தன் பெயர் வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்றார் அட்ஜே. அடுத்த ஆண்டே இறந்துபோனார். மான் ரேயிடம் உதவியாளராக இருந்த பெரனிஸ் அபாட் என்ற அமெரிக்கப் பெண், மிஞ்சிய தகடுகளை வாங்கி நியூயார்க்குக்குக் கொண்டுபோய், 40 ஆண்டுகள் காப்பாற்றி, 1968இல் அங்குள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்திடம் சேர்த்தார்.

அங்கே ஒரு புதிர் காத்திருந்தது. தகடுகளில் அட்ஜே கீறியிருந்த எண்கள் முன்னும் பின்னுமாக ஓடின. அதில் கலைஞனின் ரகசியத் திட்டம் ஒளிந்திருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஆய்வாளர் மரியா மோரிஸ் ஹாம்பர்க் பல ஆண்டு உழைத்து ஒழுங்கைக் கண்டுபிடித்தார்: பொருள்வாரியாகப் பிரித்த பட்டியல். நூலகங்கள் தங்கள் சேகரிப்பை வகைப்படுத்தும் முறையைத்தான் அட்ஜே பின்பற்றினார் என்று கலை விமர்சகர் ரோசலிண்ட் க்ராஸ் 1982இல் வாதிட்டார். கேட்ட படத்தைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க வியாபாரிக்கு அதைவிட வசதியான எண் வேறு எது?