காஃப் சதுக்கத்து அகராதி

லண்டன் மாநகரில் ஃப்ளீட் வீதிக்கு வடக்கே ஒதுங்கியிருக்கும் காஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடத்தில்தான், 1746-ல் புத்தக வியாபாரிகள் சிலர் கூடி 1,500 கினி ஊதியம் பேசி ஒப்படைத்த ஆங்கில அகராதித் தொகுப்பு என்னும் மகத்தான காரியத்தை, ஆறு எழுத்தர்களைத் துணைகொண்டு, கடனோடும் தேக உபாதைகளோடும் போராடியவாறே சாமுவேல் ஜான்சன் நிறைவேற்றினார். தாம் வாசித்த நூல்களில் தக்க வாக்கியங்களைக் கரிப்பென்சிலால் கோடிட்டு, உரிய சொல்லின் முதலெழுத்தை ஓரத்தில் குறித்துவைப்பார். எழுத்தர்கள் அவற்றைக் காகிதத் துண்டுகளில் பிரதி செய்து அகரவரிசையில் அடுக்குவர். இரவல் வாங்கிய கிரந்தங்களும் அக்கோடுகளுக்குத் தப்பவில்லை.

இவ்வாறு திரட்டிய சொற்களை இலக்கண வகைப்படி பிரிக்கவும் வேண்டியிருந்தது. லத்தீன் இலக்கண மரபில் பெயரடையும் பெயரின் ஒரு பிரிவாகவே எண்ணப்பட்டது. தனித்து நிற்பது ஒன்று, பிறிதொன்றைச் சார்ந்து நிற்பது மற்றொன்று என்றுதான் அக்காலத்து ஆங்கிலப் பிள்ளைகளும் பாடம் கேட்டனர். அந்த மரபில் ஊறிய ஜான்சன், உருவத்தில் வேற்றுமை சிறிதும் இல்லாத சொற்களையும் அவை ஆற்றும் தொழிலை நோக்கித் தனித்தனிப் பதிவுகளாக்கினார். குளிரைச் சுட்டும் 'கோல்ட்' என்பது பெயரடையாக ஓரிடம் பெற்றது. பெயராக வருமிடத்தில் வெப்பமின்மை, குளிருணர்ச்சி, அதனால் விளையும் ஜலதோஷம் எனப் பொருள்கள் வரிசையாக விரிந்தன. பயன்படுத்துவோருக்கு ஐயம் எழும் இடத்தை முன்னுணர்ந்து செய்த இப்பாகுபாட்டையே அந்நூலின் தலைசிறந்த உபகாரமாக நான் கருதுகிறேன்.

1755 ஏப்ரல் 15-ல் இரண்டு பெரிய தொகுதிகளாகப் பிரசுரமான அவ்வகராதியில் 42,000-க்கும் மேற்பட்ட சொற்களும், அவற்றுக்குச் சான்றாக ஒரு லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களும் இடம்பெற்றன; மேற்கோளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சேர்க்கும் முறையையே, அடுத்த நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு அகராதியைத் தொகுத்த ஜேம்ஸ் மர்ரே முதலியோரும் கைக்கொண்டனர்.